சர்ஜரிக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும்

வெயிட் லாஸ் சர்ஜரிக்கு, அதாவது இரைப்பைய சின்னதாக்கற ஆபரேஷனுக்கு, டேட் வாங்கிட்டேன்னு சொன்னா போதும், "இப்பவே நல்லா சாப்ட்டுக்கோ, அப்புறம் முடியாது"ங்கறாங்க. இதைவிட மோசமான அட்வைஸ் இருக்காது. ஏன்னா வெயிட் ஜாஸ்தியா இருக்கவங்களுக்கு பெரும்பாலும் கல்லீரல்லயும் கொழுப்பு சேர்ந்து பெருசாயிருக்கும், அது இரைப்பை மேலயே படுத்துக்கிட்டு இருக்கு, டாக்டர் அதை தூக்கிப் பிடிச்சா தான் இரைப்பைகிட்டயே போக முடியும், அதனால தான் 2 வாரம் முன்னாடியாவது கலோரி, மாவுச்சத்து எல்லாம் குறைச்சு ஒரு டயட் குடுக்கறாங்க, கல்லீரல் சுருங்கிடும்.

ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பிட வேண்டிய விதத்துக்குப் பழக்கம் மாற 2 வாரம் எங்க பத்தும்? ஒவ்வொரு வாயையும் கூழாகற வரைக்கும் மெல்லணும், சாப்பிடும்போது தண்ணி கூடாது, முடிச்சு அரை மணி நேரம் கழிச்சு தான். கேக்க ஈஸி, எனக்கு கை தானா டம்ளருக்கு போகுது! தட்டுல புரோட்டீன முதல்ல காலி பண்றேன், ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேணுமாம், சின்ன வயித்துல வேற எதுக்கும் பெருசா இடமிருக்காது.

சிகரெட்ட பல வாரம் முன்னாடியே விட்டுடணும், இல்லன்னா காயம் ஆற லேட்டாகும். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க டயட் தொடங்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட டோஸ் பத்தி பேசிடுங்க, சாப்பாடு குறைஞ்சா சுகர் சட்டுன்னு இறங்கிடலாம்.