ட்ரோன் பறந்த பிறகு வரம்பில் நடப்பது

கிளிநொச்சிப் பக்கம் என்னைப்போல விவசாயப் போதனாசிரியராக இருக்கிற யாரிடமாவது, ஸ்மார்ட் போன் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். விதைப்பு முன்னேற்ற அறிக்கையை முன்பெல்லாம் கையால் எழுதி, காபன் தாள் வைத்துப் பிரதி எடுத்து, மோட்டார் சைக்கிளில் மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதற்குள் அரை நாள் போய்விடும். இப்போது கூகிள் ஷீட்டில் நிரப்பிவிட்டால் முடிந்தது, பத்து நிமிடம்கூட இல்லை. ஆனால் அது பத்து நிமிட வேலை என்பது மேலே இருக்கிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது. மாதம் ஒருதரம் கேட்ட கணக்கைக் கிழமைக்கு ஒருதரம் கேட்கிறார்கள், அதே கணக்கை இன்னொரு இடத்திலிருந்து வேறு படிவத்தில் கேட்கிறார்கள், அப்புறம் அதைப் படத்தோடு அனுப்பச் சொல்லி இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்.

அதனால் மிச்சமான நேரம் என்று ஒன்று தானாக வந்து கையில் உட்காராது என்பது எனக்கு விளங்கிவிட்டது. முதலே இடம் ஒதுக்கிவைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த படிவம் அதில் வந்து குந்திவிடும். நான் செவ்வாயும் வியாழனும் காலையில் வயல் என்று எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டேன். அந்த நேரத்தில் அறிக்கை கேட்டால் மத்தியானத்துக்குப் பிறகுதான் பதில். இதற்குக் கொஞ்சம் பேச்சும் வாங்கினேன், பரவாயில்லை.

வயலுக்கு ஏன் போக வேண்டும், விவசாயிகள்தான் படம் எடுத்து அனுப்புகிறார்களே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் படப் பழக்கம் 2020 கொரோனா ஊரடங்கில் தொடங்கியது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடு முழுக்க கியூவில் நின்றபோது எங்கள் மோட்டார் சைக்கிள்களும் நின்றுவிட்டன, அப்போது வட்ஸ்அப் இல்லாவிட்டால் ஒரு விவசாயிக்கும் பதில் சொல்லியிருக்க முடியாது. நெருக்கடிக்கு வந்த பழக்கம், பெற்றோல் வந்த பிறகும் போகவில்லை. அது நல்லதுதான். விதை நெல் எங்கே கிடைக்கும், பசளை எத்தனையாம் நாள் போடுவது, இந்தக் களைக்கு என்ன பெயர், இதற்கெல்லாம் பன்னங்கண்டியிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வரத் தேவையில்லை. சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவர்கூட 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

ஆனால் கபிலநிறத் தத்தி என்கிற நெற்பூச்சி படத்தில் வராது. அது இலையில் இருப்பதில்லை. நெற்பயிரின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். மேலே பார்த்தால் பயிர் பச்சைப் பசேல் என்று இருக்கும், படம் எடுத்தால் காலண்டரில் போடலாம். வட்டம் வட்டமாக மஞ்சளாகி, அப்புறம் நெருப்பு வைத்ததுபோல் காய்ந்து வரும்போதுதான் வீதியில் போகிறவனுக்கே தெரியும். அந்த நேரம் வருகிற படத்துக்கு நான் என்ன பதில் எழுதினாலும் காய்ந்தது காய்ந்ததுதான். முன்கூட்டிக் கண்டுபிடிக்க ஒரே வழி, வயலுக்குள் இறங்கிப் பயிரைக் கையால் விலக்கி, தூரில் இரண்டு தட்டுத் தட்டி, தண்ணீரில் எத்தனை பூச்சி விழுகிறது என்று பார்ப்பது. கண்டுவிட்டால் முதல் வேலை மருந்துக் கடைக்கு ஓடுவதல்ல, தண்ணீரை வடித்துச் சில நாள் தூரைக் காயவிடுவதும் யூரியாக் கையை இறுக்குவதும்தான். பயந்துபோய்க் கண்டபடி பூச்சிநாசினி அடித்தால் தத்தியைத் தின்கிற சிலந்திகள் முதலில் சாகும், தத்தி பிறகு இன்னும் பெருகும்.

இதில் எனக்குப் பிந்தித்தான் பிடிபட்ட ஒரு விஷயம் உண்டு. முன்பு முதுகில் மெசினைத் தூக்கிக்கொண்டு மருந்து அடித்த காலத்தில் அந்த மனிதன் வயல் முழுக்க நடந்தான். வெயில், பாரம், முகத்தில் மருந்து, யாரும் அந்த வேலையை விரும்பிச் செய்யவில்லை, அது ஒழிந்ததற்கு நான் ஒரு சொட்டும் கவலைப்பட மாட்டேன். ஆனால் நடந்த நடையில் அவன் எல்லாவற்றையும் பார்த்தான். எந்த மூலையில் தண்ணீர் கட்டுகிறது, எங்கே எலி வெட்டியிருக்கிறது, எந்தத் துண்டில் களைநெல் நிமிர்ந்து நிற்கிறது என்பதெல்லாம் சம்பளமில்லாமல் கிடைத்த தகவல். இப்போது ட்ரோன்காரர் வந்து ஏக்கரைச் சில நிமிடங்களில் அடித்துவிட்டுப் போகிறார், வயல்காரர் வரம்பில் நின்று அதைப் போனில் வீடியோ எடுக்கிறார், ஒருவரும் வயலுக்குள் கால் வைக்கவில்லை. நெருங்கி வளர்ந்த பயிரில் மேலேயிருந்து விழுகிற மருந்து தூர்வரை இறங்குவதும் கஷ்டம். பாராத பயிரும் கேளாத கடனும் பாழ் என்று சொன்னவர்கள் ட்ரோனைக் கண்டதில்லை, ஆனாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் நான் விவசாயிகளிடம் கேட்பது சின்ன விஷயம். ட்ரோன் மிச்சம் பிடித்துத் தந்த காலைப்பொழுதில் ஒரு மணித்தியாலத்தை வயலுக்கே திருப்பிக் கொடுங்கள், மிச்சத்தில் நித்திரை கொண்டாலும் நான் கேட்க மாட்டேன். அதுவும் தனியாக வேண்டாம், பக்கத்து வயல்காரர் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பாருங்கள். தன் வயலில் இருக்கிற குறை தனக்குத் தெரியாது, பக்கத்து வயல்காரனுக்கு உடனே தெரியும், சொல்லவும் சந்தோஷமாக இருக்கும்.

என்னுடைய செவ்வாய், வியாழனில் முதலில் போவது வட்ஸ்அப் குழுவில் இல்லாதவர்களிடம். குழுவில் அதிகம் கேள்வி கேட்பவர் நல்ல போனும் வசதியும் உள்ளவர், அவர் நான் இல்லாமலும் சமாளிப்பார். போரில் கணவரை இழந்து, இரண்டு ஏக்கரைக் கூலியாள் வைத்துத் தானே செய்விக்கிற ஓர் அம்மா குழுவிலும் இல்லை, கூட்டத்துக்கு வந்தாலும் பின்வரிசை வாங்கில்தான் இருப்பார். அவரிடம் போனபோது, “பிள்ளை, உங்கட ஆக்கள் இங்கால வந்து கனகாலம், நான் மருந்துக் கடைக்காரன் சொல்லுறதைத்தான் அடிக்கிறன்” என்றார். கடைக்காரர் கொடுத்த போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். தத்தியே இல்லாத வயலுக்குத் தத்தி மருந்து. தூரைத் தட்டிக் காட்டியதும், விழுந்த சிலந்திகளைப் பார்த்து, “இதுகளையே நான் காசு குடுத்துக் கொன்றனான்?” என்று கேட்டார். இந்த வன்னியில் இப்படிப் பெண்கள் நடத்துகிற குடும்பங்கள் எத்தனையோ. கூகிள் ஷீட் தந்த நேரத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு மிச்ச நேரம் இருக்கிறது, அது அலுவலகத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. அரிவி வெட்டு என்றால் முன்பு ஆள் தேடி, வெட்டி, உப்பட்டி கட்டி, கதிரைக் குவித்துச் சூடு வைத்து, மிதித்து, தூற்றி எடுப்பதற்குள் கிழமைக் கணக்கில் போய்விடும். இப்போது அறுவடை மெசின் காலையில் இறங்கினால் பின்னேரம் நெல் மூட்டையில். அந்த நாட்கள் எங்கே போயின என்று கேட்டால், வயலில் ஈரமாக நிற்கின்றன என்பதுதான் பதில். மாரி மழையில் விளைகிற காலபோக நெல்லை வெட்டிய கையோடு அந்த ஈரத்திலேயே பயறு போட்டால் இரண்டு மாதம் கடந்ததும் காய் பிடுங்கலாம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் கோடையில் செய்கிற சிறுபோகத்துக்கு எல்லாக் காணிக்கும் கிடைப்பதில்லை, குளத்தில் இருக்கிற தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தில் பங்கிடுவார்கள். தண்ணீர் கிடைக்காத காணி ஆவணி, புரட்டாதிவரை சும்மா கிடப்பதற்குப் பயறு வந்தால் என்ன? மண்ணுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. ஈரம் போன பிறகு விதைத்தால் முளைக்காது, அதனால் இந்த நேரத்தைச் சேமித்து வைத்துப் பிறகு எடுக்கவும் முடியாது.

ஒருவர் மட்டும் விதைத்தால் அது பயறு அல்ல, கட்டாக்காலி மாடுகளுக்கு விருந்து. வெட்டு முடிந்ததும் வயல்வெளி எல்லார் மாட்டுக்கும் பொது என்பது இங்கே காலகாலமாக உள்ள வழக்கம். நடுவில் ஒரு பச்சைத் துண்டு தெரிந்தால் மாடு விட்டுவைக்குமா? ஆகவே ஒரு வெளியில் உள்ள எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் மெசின் தந்த நேரம் பயறாக மாறும். பயறு போட ஆசைப்பட்ட ஒரு தம்பி போன வருசம் முட்கம்பியின் விலையைக் கணக்குப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்.

இந்த முறை காலபோகக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாகப் போடச் சொல்லிக் கமக்கார அமைப்போடு பேசியிருக்கிறோம். மாட்டுக்காரர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மேய்ச்சல் தரை என்று ஒதுக்கிய நிலம் போதாது. மெசின் வந்த பிறகு வைக்கோலும் வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, சேர்க்க ஆளில்லை, சிலர் நெருப்பு வைத்துவிடுகிறார்கள். “வைக்கோலைக் கட்டுற மெசினையும் கூப்பிட்டு, எனக்கு ரெண்டு லோட் தாங்கோ, மாட்டை நான் கட்டி வைக்கிறன்” என்று ஒரு பெரியவர் நேரடியாகவே சொல்லிவிட்டார். யார் அந்த மெசின் கூலியைக் கொடுப்பது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. தைக்குள் முடித்தாக வேண்டும், மாசி வெயில் ஏறினால் ஈரம் நிற்காது.