அணையில் எத்தனை அடி?

2013-இல் கல்லிடைக்குறிச்சியில் ஒரு வங்கிக் கிளைக்கு மாற்றலாகி வந்தேன். பிறந்தது, படித்தது, அதுவரை வேலை பார்த்தது எல்லாம் சென்னையில். வந்த முதல் வாரம், பணம் கட்ட வந்தவர்கள் பாஸ்புத்தகத்தை மடித்துக்கொண்டே, "அணையில் எத்தனை அடி சார்?" என்று கேட்டார்கள். எந்த அணை என்றே எனக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த காசாளர் நோட்டு எண்ணுவதை நிறுத்தாமல் பாபநாசத்துக்கும் மணிமுத்தாறுக்கும் அன்றைய நீர்மட்டத்தைச் சொன்னார். பாபநாசம் நிறைந்தால் 143 அடி, மணிமுத்தாறு நிறைந்தால் 118 அடி. வட்டி விகிதத்தைப் படிப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் படித்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது பெட்டகச் சாவி என் கைக்கு வந்த பிறகுதான் விளங்கியது. கார் என்பது ஆண்டின் முதல் நெல் பருவம்; அதற்கு ஜூன் 1-ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். மே கடைசியிலேயே அடகு நகைகள் வரத் தொடங்கிவிடும். உழவுக்கு, விதைநெல்லுக்கு, நடவுக் கூலிக்கு என்று ஒவ்வொரு பைக்கும் ஒரு காரணம். புரட்டாசியில் கார் அறுவடை முடிந்ததும் சில பைகள் வெளியே போகும். ஐப்பசியில், அடுத்த நெல் பருவமான பிசானத்துக்காகப் பாதி திரும்பி வந்துவிடும். பங்குனியில்தான் பெட்டகத்தின் தட்டுகள் ஓரளவு காலியாகும். சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்களைக் காட்டி வாங்கும் பயிர்க்கடனுக்கு 7 சதவிகிதம் வட்டி. கெடு தவறாமல் கட்டினால் அரசு மானியம் போக 4 சதவிகிதம். அந்த மூன்று சதவிகிதத்துக்காக, கெடு முடியும் நாளன்று கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மழை தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும். கெடுவை மட்டும் யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள்.

கெடு தவறியவர்களுக்குக் கடிதம் அனுப்புவது என் வேலை. காலையில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்றுதான் சென்னையில் பழகியிருந்தேன். அங்கே கடன் வாங்கியவர் ஒரு கணக்கு எண். இங்கே அவர் விடிகாலையில் தாமிரபரணிப் படித்துறையில் எனக்கு இரண்டு படி தள்ளி நின்று துண்டைப் பிழிந்துகொண்டிருப்பார். அறிவிப்புக் கடிதம் கிடைத்த மறுநாள் ஒருவர் என்னிடம், "தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது, மெதுவாக இறங்குங்கள் சார்" என்றார். வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று கிளைக்குப் போனதும் அவருடைய கோப்பை எடுத்து வைத்து, விதிகளுக்குள் என்ன செய்ய முடியும் என்று மதியம் வரை தேடினேன். கடனைப் புதுப்பிக்க வழி இருந்தது. அந்த வழி முன்பும் இருந்ததுதான், நான் தேடவில்லை.

அதற்குப் பிறகு வேலை நேரம், ஓய்வு நேரம் என்று கோடு போட முயல்வதை விட்டுவிட்டேன். முதலில் அது சுமையாகத்தான் இருந்தது. மளிகைக் கடையில், கோயில் பிராகாரத்தில், முடிதிருத்தும் நிலையத்தில்கூடக் கணக்கைப் பற்றிக் கேட்பார்கள். போகப்போக, கேட்பவர்கள் என்னைத் தங்கள் வீட்டுக்கும் அழைத்தார்கள். ஒரு திருமணத்தின் மறுநாள் விருந்தில் முதன்முதலாகச் சொதி சாப்பிட்டேன். மூன்று முறை பிழிந்த தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். அந்தத் திருமணத்துக்கான நகைகளை மீட்டுக் கொடுத்தது நான்தான் என்பதால் பந்தியில் எனக்கு இரண்டாம் முறை ஊற்றிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். அம்மன் கோயில் கொடை விழா செவ்வாய்க்கிழமை இரவில் நடக்கும். வில்லுப்பாட்டு முடிந்து, கணியான் கூத்தின் மகுடப் பறைச் சத்தம் ஓய விடிந்துவிடும். புதன்கிழமை கிளையில் ஈ, காக்கை இருக்காது.

சாரல் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை செங்கோட்டை பாசஞ்சரில் ஏறிவிடுவேன். அந்தப் பாதை 2012-இல்தான் அகலப்பாதை ஆகியிருந்தது. ஆழ்வார்குறிச்சி தாண்டியதும் ஜன்னலில் மலை பெரிதாகிக்கொண்டே வரும். தென்காசியில் இறங்கிக் குற்றாலம் போய், ஐந்தருவியில் குளித்து, ஈர வேட்டியோடு சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு மாலை வண்டியில் திரும்புவேன். அதைவிட நல்ல விடுமுறையை நான் பிறகு எந்த ஊரிலும் அனுபவித்ததில்லை.

ஆனால் அந்த ஊரை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் ஆச்சிதான். எழுபதைத் தாண்டியவர். ஒரு வைகாசி மாதம் முந்தானையில் முடிந்து பாம்படம் என்ற கனத்த காதணியைக் கொண்டுவந்தார். பேரனின் நடவுச் செலவுக்காம். அவருடைய காதுகள் தோளைத் தொட்டுத் தொங்கின. பாம்படத்தின் உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள். அதைக் கழித்துத்தான் தங்கத்தின் எடையைப் போட வேண்டும். மதிப்பீட்டாளர் கழித்துச் சொன்ன தொகை, ஆச்சி மனத்தில் வைத்திருந்ததில் பாதிகூட இல்லை. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஐயா, கன்னடியன் கால்வாய் வெட்டிய கதை உனக்குத் தெரியுமா?" என்றார்.

கன்னட நாட்டிலிருந்து பொதிகையைத் தேடி வந்த ஒருவன், கையில் இருந்த பொன்னை அம்பாசமுத்திரத்தில் ஒருவரிடம் நம்பிக் கொடுத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து கேட்டபோது, வாங்கவே இல்லை என்று அவர் சாதித்தார். சாமியை ஒரு புளியமரத்துக்கு இடம் மாற்றி வைத்துவிட்டுச் சன்னிதியில் சத்தியம் செய்தார். வந்தவன் அந்தப் புளியமரத்தைத் தொட்டே சத்தியம் செய்யச் சொன்னான். தொட்டவர் எரிந்து போனார். மீண்ட பொன்னை வைத்துக் கால்வாய் வெட்டினான் கன்னடியன். ஒரு பசு நடந்த வழியெல்லாம் கால் வெட்டினான், அது படுத்த இடத்திலெல்லாம் குளம் வெட்டினான். அந்தக் காலில் வரும் தண்ணீர்தான் சேரன்மகாதேவிக்கு அப்பாலும் நெல் விளைவிக்கிறது.

கதையை முடித்துவிட்டு ஆச்சி பாம்படத்தை என் பக்கம் தள்ளினார். "நீ குறைத்துச் சொல்லவில்லை என்று தெரியும். பத்திரமாக வைத்திரு. அதற்குத்தான் சொன்னேன்."

கிளையில் தீயணைப்புக் கருவி இருந்தது, எச்சரிக்கை மணி இருந்தது, இரட்டைச் சாவி முறை இருந்தது. அன்று மாலை பெட்டகத்தைப் பூட்டிய பிறகு கைப்பிடியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். அங்கிருந்த ஐந்து ஆண்டுகளும் தினமும் அப்படித்தான் பார்த்தேன்.

அந்தக் கார் பருவத்தில் விளைச்சல் சுமார். ஆச்சி வட்டியை மட்டும் கட்டினார். மறு பங்குனியில், பிசான நெல் விற்ற பணத்தோடு வந்தார். அவர் கண் முன்னாலேயே எடை போட்டுக் காட்டிப் பாம்படத்தை உள்ளங்கையில் வைத்தேன். கண்ணுக்கு அருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதில் போடவில்லை. மறுபடியும் முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஐயா, அணையில் எத்தனை அடி?"

காலையில் படித்துறையிலேயே கேட்டு வைத்திருந்தேன். சொன்னேன். விரல்விட்டு ஏதோ கணக்குப் பார்த்துவிட்டு, "கார் நடலாம்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.