செருப்பைக் கொடுங்க, பார்க்கலாம்

அந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. வலது உள்ளங்காலில், இரண்டாவது விரலுக்கு நேர் கீழே, தரையில் நன்றாகப் பதியும் இடத்தில் ஒரு கால் ஆணி. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிப் பிரிவுக்கு வருவார். மேல்தோலைச் சீவி, நடுவில் கூம்பு மாதிரி உள்ளே குத்திக்கொண்டிருக்கும் கெட்டிப் பகுதியை எடுத்துவிடுவேன். "இப்பதான் சிஸ்டர் காலை ஊன முடியுது" என்று நிம்மதியாக எழுந்து போவார். அடுத்த இரண்டு மாதத்தில் அதே இடத்தில் அதே ஆணி.

நான்காவது தடவைதான் அவருடைய செருப்பை வாங்கிப் பார்த்தேன். வாங்கி ஒரு வருடம் ஆகிறது என்றார். ஆனால் அடிப்பாகம் தேயவே இல்லை. கேட்டால், கடைக்குள் செருப்பு போடக் கூடாதாம். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை டைல்ஸ் தரையில் வெறுங்கால். அதை முதல் தடவையே கேட்காமல் மூன்று தடவை சீவி அனுப்பியிருக்கிறேனே என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

காய்ப்பு என்பது தோல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் விழுந்துகொண்டே இருந்தால், தோல் அங்கே அடுக்கடுக்காகத் தடித்துப்போகிறது. பரவலாகத் தடித்தால் காய்ப்பு. ஒரு புள்ளியில் குவிந்து உள்நோக்கி இறங்கினால் ஆணி. அழுத்தத்தை விட்டுவிட்டுத் தோலை மட்டும் சீவினால் அது திரும்பி வரத்தான் செய்யும். பாலுண்ணியையும் ஆணி என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. அது வைரஸால் வருவது. பெரும்பாலும் நேராக அழுத்தினால் ஆணி வலிக்கும், பக்கவாட்டில் பிதுக்கினால் பாலுண்ணி வலிக்கும். டாக்டர் பார்ப்பதற்கு முன் நான் செய்து பார்ப்பது இதைத்தான்.

சர்க்கரை இல்லாதவர்களுக்குப் பெரிய பயம் இல்லை. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கால் தேய்க்கும் கல்லால் மெதுவாகத் தேய்த்து, யூரியா கலந்த களிம்பைத் தடவி வந்தால் காய்ப்பு இளகிவிடும். என்னைப் பதற வைப்பது சர்க்கரைக்காரர்களின் காய்ப்பு. ஒருமுறை ஒரு பெரியவர் மருந்துக்கடையில் கார்ன் கேப் என்ற ஆணிப் பிளாஸ்திரியை வாங்கி ஒட்டிக்கொண்டு வந்தார். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. அவருக்கோ காலில் உணர்ச்சியே குறைவு. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்தேன். "வெச்சாச்சா?" என்று கேட்டார். காய்ப்புக்கு அடியில் கருஞ்சிவப்பாக ஒரு கறை தெரிந்தது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். டாக்டர் சீவத் தொடங்கியதும் சீழ் வந்தது. வலி இல்லாததால் அவர் அந்தக் காலோடு தினமும் நடைப்பயிற்சி வேறு போய்க்கொண்டிருந்தார். எருக்கம்பால் வைப்பதும், வீட்டு பிளேடால் அறுப்பதும் இப்படிப்பட்ட கால்களில் விரலையே கொண்டுபோய்விடலாம். தயவுசெய்து வேண்டாம்.

தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் அடிபட்டு அடிபட்டுத்தான் சிதைகின்றன என்று வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். மரத்துப்போன அந்தக் கால்களுக்காகப் புழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பைத்தான் இன்று சர்க்கரைக்காரர்களுக்கும் எழுதித் தருகிறோம். அந்தப் பெரியவருக்கும் அதுதான். குதிகாலில் வார் வைத்தது, வீட்டுக்குள்ளேயும் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். புண் ஆற மூன்று மாதம் ஆனது.

சரி, ஜவுளிக்கடை அக்காவுக்கு வருகிறேன். உட்கார நாற்காலி இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு சிஸ்டர். உக்காந்தா சூப்பர்வைசர் ஒரு மாதிரி பாப்பாரு." தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். கேரளத்தில் 2018-லேயே இப்படி ஒரு திருத்தம் வந்துவிட்டது. நாற்காலியைப் போட்டுவிடலாம், அதில் உட்காரும் தைரியத்தையும் யாராவது தர வேண்டும் அல்லவா? டாக்டரிடம் சொல்லி ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தேன். கடைக்குள் மெத்தென்ற செருப்பு அணிய அனுமதிக்க வேண்டும், இடையிடையே உட்கார விட வேண்டும், அவ்வளவுதான். செருப்புக்கு மட்டும் சம்மதித்தார்கள், அதுவும் உள்ளே போடுவதற்கென்று தனி ஜோடியாக.

அடுத்த தடவை அவர் வந்தது ஏழு மாதம் கழித்து. ஆணி இருந்தது, ஆனால் மிளகளவுதான். இந்த முறை தனியாக வரவில்லை. கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களையும் அழைத்து வந்திருந்தார். இருவருக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில். கடிதம் கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்டார்கள்.