மாடித் தொட்டிகளும் கொறங்காடும்

ஏப்ரல் 21, காங்கேயம்

தங்கை ஊட்டியில் வாங்கிய எச்சவேரியாக்களை, அதாவது ரோஜாப்பூ போல இலை அடுக்கிய, நீரைச் சேமிக்கும் சதைப்பற்றுச் செடிகளை, நேராக மொட்டை மாடியில் வைத்துவிட்டுப் போனாள். இன்று பார்த்தால் இலை நுனியெல்லாம் கருகல். குற்றம் வெயிலினுடையது மட்டுமில்லை. இந்தச் செடிகளின் பூர்விகம் மெக்சிகோவின் மலைகள். அங்கே பகல் காய்ந்தாலும் இரவு குளிர்ந்துவிடும். சதைப்பற்றுச் செடிகளில் பெரும்பாலானவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் காற்றை வாங்குகின்றன. நம் சித்திரை இரவிலோ சுவரே அனல் கக்குகிறது. பசுமை வலைக்கடியில் நகர்த்திவிட்டேன். இலைமேல் படிந்திருக்கும் வெள்ளைப் பொடியைத் தூசி என்று நினைத்துத் துடைக்க வேண்டாம் எனத் தங்கைக்குச் சொல்லியாயிற்று. அந்தப் பூச்சுதான் அதற்குக் குடை.

ஜூன் 14

புதிதாக வந்த ஹவொர்தியா என்ற சின்னச் சதைப்பற்றுச் செடிகளின் மண்ணை மாற்றினேன். தொட்டி முழுக்கத் தேங்காய் நார்க்கழிவு. பொள்ளாச்சி பக்கத்தில் தாராளமாகக் கிடைப்பது, எடையும் குறைவு, விற்பவருக்கு வசதி. செடிக்குத்தான் தொல்லை: நனைந்தால் நடுவில் ஈரம் தங்கும், முழுக்கக் காய்ந்தால் தண்ணீரே உள்ளிறங்காது. என் கலவை செம்மண் ஒரு பங்கு, பொடி ஜல்லியும் உடைத்த ஓடும் இரண்டு பங்கு, மக்கிய ஆட்டெரு ஒரு பிடி.

ஜூலை 29

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று தொட்டிகளை உருட்டுகிறது. மழையோ மலைக்கு அந்தப் பக்கமே தீர்ந்துவிடுகிறது.

அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கொறங்காட்டுக்குப் போயிருந்தேன். கொறங்காடு என்றால் வேலியடைத்த மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவையும் தண்டில் நீரைச் சேமிக்கிற சாதிதான். அதன் உறவுக்கார ஆப்பிரிக்க மரங்களைச் சின்னத் தொட்டியில் வைத்துக் கொழுத்த விலைக்கு விற்கிறார்கள். இங்கே அதில் ஆடு முதுகு தேய்க்கிறது.

வேலியடி நிழலில் கள்ளிமுளையான். நாற்பட்டைத் தண்டு, விரல் பருமன், இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்புச்சி ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். "பால் வருகிற கள்ளியைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதே கண்ணு. இது வேறு, தின்னலாம்" என்றார். ஆடு மேய்ப்பவர்களுக்குப் பசியடக்கிய தண்டு இது. இன்று இதன் சாற்றை உடல் இளைக்க மாத்திரையாக்கி விற்கிறார்கள். வேரோடு பிடுங்க மனம் வரவில்லை. ஒரு கிளை மட்டும் கேட்டு வாங்கினேன். வெட்டுவாய் காயும்வரை நிழலில் கிடக்கட்டும், பிறகு நடலாம்.

ஆகஸ்ட் 30

கற்றாழை இடுக்கில் மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். முதுகு ஒடிந்தது.

இதன் உறவுப் பூச்சி ஒன்றுக்கு நம் பக்கத்தில் பெரிய வரலாறு உண்டு. சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்று 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது அசல் சாயப்பூச்சி இல்லை, அதன் பங்காளி. சாயம் உருப்படியாகத் தேறவில்லை. ஆனால் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. அது தொடாமல் விட்ட இன்னொரு வகையை அழிக்க 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வந்தது. அமெரிக்கக் கண்டத்துச் செடி, அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, சண்டை மட்டும் நம் நிலத்தில். இதெல்லாம் தெரிந்தும் மாவுப்பூச்சியிடம் எனக்கு மரியாதை வரவில்லை.

செப்டம்பர் 18

பிறந்தநாள் பரிசாக ஒரு சிவப்புத் தலைக் கள்ளி வந்திருக்கிறது. மேலே இருக்கும் உருண்டையில் பச்சையமே இல்லை. கீழே ஒட்டியிருக்கும் டிராகன் பழக் குடும்பத் தண்டுதான் அதற்கும் சேர்த்துச் சமைக்கிறது. பெரும்பாலும் சில வருடங்களில் ஒட்டு தளர்ந்துவிடும். அழகுதான், ஆனால் நானாக வாங்க மாட்டேன்.

அக்டோபர் 26

வடகிழக்குப் பருவமழை. எச்சவேரியாக்களைக் கூரைக்கடியில் ஒதுக்கிவிட்டேன். வலையும் வேண்டாம், கூரையும் வேண்டாம் என்று வெட்டவெளியில் நனைகிற கள்ளிமுளையான் பூத்திருக்கிறது: கருஞ்சிவப்பும் மஞ்சளும் வரியிட்ட சின்னப் பூக்கள், ஓரத்தில் மயிர். மூக்கை வைத்துப் பார்த்தேன், அழுகல் வாடை. தேனீ எட்டிப் பார்க்கவில்லை, ஈக்களுக்குக் கொண்டாட்டம். மகரந்தம் சுமப்பதும் அவைதான். காய் பிடித்தால் கொம்பு போல் இரண்டிரண்டாக நீளும். முற்றி வெடித்தால் விதை எருக்கம்பஞ்சு போலப் பறந்துவிடும். அதற்கு முன்பே மெல்லிய துணியால் கட்டிவைக்க வேண்டும். மனைவியோ, இந்தத் தொட்டி சமையலறை ஜன்னல் பக்கம் இருக்கக்கூடாது என்கிறாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இடம் பார்த்திருக்கிறேன்.