இரண்டாம் குழி

"ஆமா, இல்லையா, ஒன்றைச் சொல்லுங்கள் மேடம்" என்றார் தொலைபேசியில் அந்த மருத்துவர். அவருடைய நோயாளிக்கு மூளைக்காய்ச்சல். மனிதருக்கு மனிதர் தொற்றி உயிரைக் குடிக்கும் நிப்பா வைரஸோ என்று சந்தேகம். தொண்டைச் சளி மாதிரியை எங்கள் ஆய்வகத்தில், வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் கருவியில் இரண்டு குழிகளில் ஓட்டியிருந்தோம். கோடு மேலேறினால் வைரஸ் இருக்கிறது என்று பொருள். ஒன்றில் மிகத் தாமதமாக, 37ஆம் சுழற்சியில் கோடு லேசாக மேலேறியது. மற்றதில் கடைசிவரை தட்டையாகவே கிடந்தது. அப்போது நிப்பாவை உறுதிசெய்ய வேண்டியிருந்தது புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனம். "இப்போது முடிவு சொல்ல முடியாது. புனே சொல்லும்வரை நிப்பா என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். 2018 மே மாதம் கேரளத்தில், பேராம்பிரா பகுதியைச் சேர்ந்த முதல் நோயாளி, நோய் இன்னதென்று தெரியாமலேயே இறந்தார். அதற்குள் மருத்துவமனைகளில் பரவிவிட்டது. அவரைக் கவனித்த செவிலியர் லினி உட்பட 17 பேர் போனார்கள். அதற்கும் முன்பு, 1998இல் மலேசியாவில் இதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பிக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நோயுற்ற பன்றிகளோ வேறு மாநிலத்துக்கு விலைபோயின. இதையெல்லாம் படித்து வளர்ந்தவள், சந்தேகம் வந்தால் கதவை அடைக்கத்தான் சொல்வேன்.

புனேயிலிருந்து நெகட்டிவ் என்று வந்தது. அவருக்கு இருந்தது ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல். புனே முடிவு வரும்வரை, நிப்பா தொற்றிவிடும் என்ற பயத்தில் எம்ஆர்ஐ எடுக்கவில்லை, முதுகுத் தண்டு நீரும் எடுக்கவில்லை. பிழைத்தார், பேச்சு முழுதாகத் திரும்பவில்லை.

தட்டையாகக் கிடந்த குழியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. உறுதியாகாத முடிவை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. சொல்லியிருந்தால் அன்றிரவே தொலைக்காட்சியில் ஓடியிருக்கும். ஆனால் அவர் தொலைக்காட்சிக்காரர் இல்லையே, மருத்துவர்தானே. பாதி முடிவை வைத்து ஸ்கேனுக்கு அனுப்பலாமா என்று எடைபோடத் தெரிந்தவர்.

ஹெர்பிஸுக்கான அசைக்ளோவிர் மருந்தை முதல் நாளிரவே தொடங்கிவிட்டதாகவும், ஸ்கேன் முன்பே எடுத்திருந்தாலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்றும் பிறகு அவராகவே சொன்னார். மருந்துவரை அது சரியென்றே நானும் நம்புகிறேன். நோயாளியின் மனைவியை அந்த நாட்களில் அறைக்குள் விடவேயில்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நிப்பாவாக இருந்திருந்தால் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருப்பதும் அதே தடைதான்.