சான்டோரினிக்குக் கப்பல் இல்லை

கிரேக்கத் தீவான சான்டோரினிக்குக் கப்பலே கிடையாது என்று முழுதாக ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து எங்கெங்கோ கப்பல் போகிறது. பாரோஸ், நாக்ஸோஸ், இயோஸ், தீரா என்று பட்டியல் நீள்கிறது. ஊர் உலகமே போய் நின்று படம் பிடிக்கிற சான்டோரினியை மட்டும் அதில் காணோம்.

“அப்ப அத்தனை பேரும் நீந்தியாங்க போறாங்க?” என்றாள் மனைவி.

தீராதான் சான்டோரினி. கப்பல்காரர்களும் அரசாங்கமும் தீரா என்கிறார்கள், சுற்றுலாப் பயணிகள் சான்டோரினி என்கிறார்கள். கோர்ஃபு தீவைத் தேடினாலும் இதே கதிதான், அங்கே அதன் பெயர் கெர்கிரா. தூத்துக்குடிக்கு டூட்டிகோரின் என்று டிக்கெட் எடுத்து வளர்ந்த எனக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில். அம்மா மதுரையிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தார். ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா என்பதால் கிரீஸுக்கும் அதுவே செல்லும். ஆகஸ்டில் மகளுக்கு லீவு. ஏதாவது ஒரு கிரேக்கத் தீவில் நான்கு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று ஜூன் மாதம் பேச்சை ஆரம்பித்தேன். அந்த நாட்டில் மக்கள் வசிக்கும் தீவுகளே 200-க்கு மேல் இருக்கின்றன. எங்கள் வீட்டில் நான்கே பேர்தான், இருந்தும் ஒத்துப்போகவில்லை.

மனைவிக்கு சான்டோரினி. எரிமலை வெடித்து நடுப்பகுதி கடலுக்குள் போய், மிச்சமிருக்கிற விளிம்பின் மேல் வெள்ளை வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்துக் கடலைப் பார்த்த அறை என்றால் ஒரு ராத்திரி வாடகையில் எங்கள் வீட்டு ஒரு மாத மளிகை முடிந்துவிடும். கடலுக்கு முதுகைக் காட்டிய அறை பாதி விலைக்குக் கிடைத்தது. அதற்கு ஸ்டுட்கார்ட்டிலேயே இருக்கலாம் என்றாள். 2025 பிப்ரவரியில் அங்கே நிலம் நாள்கணக்கில் ஆடியதையும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தீவை விட்டுக் கிளம்பியதையும் நான் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். செலவைக் குறைக்க நான் எந்த எல்லைக்கும் போவேன் என்பது அவளுக்குத் தெரியும், அசையவில்லை.

மகளுக்குக் கழுதை வேண்டும். சான்டோரினியின் பழைய துறையிலிருந்து மேலே ஊருக்கு ஏற 588 படிகள். கேபிள் கார் இருக்கிறது, கழுதையும் இருக்கிறது. ஆனால் 100 கிலோவுக்கு மேல் கழுதை மீது ஏற்றக்கூடாது என்று 2018-இல் கிரேக்க அரசு விதி கொண்டுவந்துவிட்டது. நான் 98. “கழுதைக்குக்கூடச் சட்டம் பாதுகாப்பு கொடுக்குது பாருங்க” என்றாள் மனைவி, தட்டைக் கழுவிக்கொண்டே. கழுதையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்றும் அதே விதியில் இருக்கிறது. அந்தக் கணக்கை நான் வீட்டில் எடுக்கவில்லை.

கடைசியில் நாக்ஸோஸ் என்று முடிவானதற்கு அம்மாதான் காரணம். அங்கே கப்பல் துறைக்குள் நுழையும்போதே கடலோரத்தில் பெரிய பளிங்கு வாசல் ஒன்று தனியாக நிற்பது தெரியும். போர்ட்டாரா என்கிறார்கள். 2500 வருடத்துக்கு முன்பு அப்போலோவுக்குக் கோயில் கட்ட ஆரம்பித்து, பாதியில் நின்றுபோய், வாசல் மட்டும் மிஞ்சியது. படத்தைக் காட்டினேன்.

“ராயகோபுரம் மாதிரியாடா?”

மதுரையில் திருமலை நாயக்கர் ஆரம்பித்து முடியாமலே போய், இன்று கடைகளுக்கு நடுவே நிற்கிற ராயகோபுரத்தைத்தான் சொன்னார். அதேதான் என்றேன்.

“சுத்திக் கடை இருக்கா?”

“இல்லம்மா. கடல்தான்.”

“அப்ப நல்லாப் பாத்துக்கிறாங்க” என்று ஒப்புதல் கொடுத்தார். தீவும் சைக்ளடீஸ் என்கிற அந்தத் தீவுக்கூட்டத்திலேயே பெரியது, வாடகையும் சான்டோரினி அளவுக்குக் கடிக்காது. மனைவியிடம், ஒரு நாள் கப்பலில் போய் சூரிய அஸ்தமனத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அஸ்தமனம் முடிந்த பிறகு திரும்பக் கப்பல் உண்டா என்று அவள் இன்னும் கேட்கவில்லை.

தேதியை நானே குறித்தேன். ஆகஸ்ட் 13 கிளம்பி 17 திரும்புவது. டிக்கெட் எடுக்கப் போனால் 13-ஆம் தேதி காலைக் கப்பல் நிரம்பிவிட்டது, 14-உம் அப்படித்தான். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாள். கிரேக்கர்களுக்குக் கோடையின் பெரிய பண்டிகை அதுதான், ஏதென்ஸ்காரர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு தீவுகளுக்குக் கிளம்பிவிடுவார்களாம். பக்கத்துத் தீவான டீனோஸில் துறைமுகத்திலிருந்து மேட்டு மேல் இருக்கும் மாதா கோயில்வரை மண்டியிட்டே போகிறார்கள். வேண்டுதல்காரர்களுக்காகத் தெருவோரம் நீளமாகக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். அம்மா அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தார். “சித்திரைத் திருவிழா அன்னைக்கு மதுரைக்கு சீட்டு கேட்டிருக்க” என்றார். வேறு வழியில்லாமல் பயணத்தையே ஒரு நாள் முன்னால் தள்ளி 12-ஆம் தேதிக்கு எடுத்தேன்.

இனி அறை. ராத்திரி பன்னிரண்டரை மணி, எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நாக்ஸோஸ் ஊரை ஒட்டிய கடற்கரைக்கு ஆகியோஸ் யோர்கியோஸ் என்று பெயர், துறையிலிருந்து நடந்தே போகலாம் என்று படித்திருந்தேன். அந்தப் பெயரைப் போட்டுத் தேடினேன். அழகான ஒரு வீடு. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, வாசலில் காகிதப்பூக் கொடி, நான்கு ராத்திரிக்கு 460 யூரோ. ரத்து செய்தால் பணம் திரும்பாது, அதனால்தான் அந்த விலை. இவ்வளவு மலிவாக யாருக்கும் கிடைத்திருக்காது என்ற பெருமையோடு படுத்தேன்.

காலையில் மகள்தான் வரைபடத்தில் பார்த்தாள். “அப்பா, நம்ம வீடு வேற தீவுல இருக்கு.”

ஆகியோஸ் யோர்கியோஸ் என்றால் புனித ஜார்ஜ். நம்மூரில் ஊருக்கு ஊர் மாரியம்மன் கோயில் தெரு இருப்பதுபோல கிரீஸில் தீவுக்குத் தீவு ஓர் ஆகியோஸ் யோர்கியோஸ் உண்டு. கோர்ஃபுவில் மட்டும் இரண்டு. நான் பணம் கட்டியது ஆன்டிபாரோஸ் தீவில் இருப்பதற்கு. நாக்ஸோஸிலிருந்து அங்கே போக முதலில் பாரோஸுக்குக் கப்பல், பிறகு தீவுக்குள் பஸ், பிறகு பத்து நிமிடப் படகு, அதற்குப் பிறகும் தீவின் மறுகோடிக்கு வண்டி பிடிக்க வேண்டும். மனைவி ஒன்றும் பேசவில்லை. காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். வயதான அம்மா. எனக்குக் கிரேக்கம் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் புரியும். தீவு மாறிப்போனது, தவறு என்னுடையதுதான், பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன்.

“நே, நே” என்றார்.

இவ்வளவு பிரியமாக யாரும் என்னிடம் ‘நோ’ சொன்னதில்லை. “பாதியாவது?”

“நே!” என்று சிரிக்கவேறு செய்தார். கடைசியாக, உங்களுக்கு இதில் வருத்தமா என்று கேட்டேன். “ஓஹி, ஓஹி” என்றார். வருத்தமா என்று கேட்டால் ஓகே என்கிறாரே என்று நொந்துபோய் போனை வைத்தேன். 460 யூரோவுக்கு மகள் கால்குலேட்டரில் ரூபாய்க் கணக்குப் போட்டு அப்பத்தாவிடம் காட்ட, அன்று மத்தியானம் எனக்குச் சோறு மட்டும்தான் அமைதியாகப் பரிமாறப்பட்டது.

மூன்றாம் நாள் வங்கிக் கணக்கில் முழுப் பணமும் வந்து நின்றது. கிரேக்க மொழியில் ‘நே’ என்றால் ஆமாம். ‘ஓஹி’ என்றால்தான் இல்லை. 1940-இல் இத்தாலியின் முசோலினி விட்ட மிரட்டலுக்குப் பணியாமல் மறுத்ததை நினைத்து அக்டோபர் 28-ஐ ‘ஓஹி நாள்’ என்றே விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். அந்த அம்மா எனக்கு வாய் நிறைய ஆமாம் சொல்லியிருக்கிறார், நான் நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்திருக்கிறேன். திரும்பக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். நல்ல தீவுக்கு வாருங்கள் என்றார். எது நல்ல தீவு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது நாக்ஸோஸ் ஊருக்குள்ளேயே அறை எடுத்தாகிவிட்டது. தீவின் பெயரை மூன்று பேர் சரிபார்த்தார்கள். இனி பாக்கி காற்றுதான். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்று ஒரு காற்று அடிக்கும். முற்றினால் துறைமுகத்தில் கப்பலையே நிறுத்திவிடுவார்கள். முற்றாவிட்டாலும் ஐந்து மணி நேரக் கப்பலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதை நான் மகளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். வீட்டில் இப்போது எதைக் கேட்டாலும் அவள் கிரேக்கத்தில்தான் பதில் சொல்கிறாள்.

நேற்று ராத்திரி அம்மா கேட்டார். “ஏண்டா, கப்பல் ரொம்ப ஆடுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். “நே, அப்பத்தா.”

அம்மா நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.