வலைப்பந்தாட்டத்தில் கால்தான் முதல் பாடம்

கொழும்புப் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்குக் கையைவிடக் கால்தான் அதிகம் பிழைக்கும். 1890களில் இங்கிலாந்தில் கூடைப்பந்திலிருந்து பிரிந்த ஆட்டம் என்றாலும், இதில் பந்தைத் தட்டிக்கொண்டே ஓட முடியாது. பந்தோடு முதலில் ஊன்றிய காலைத் தூக்கலாம். அது திரும்ப நிலத்தில் படுமுன் பந்து கையைவிட்டுப் போய்விட வேண்டும். அதற்கும் 3 செக்கன்தான்.

தடுப்பவர் அந்தக் கால் ஊன்றிய இடத்திலிருந்து 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். அவசரத்தில் கையை நீட்டும்போது உடம்பு சாய்ந்து, பாதம் அரையடி உள்ளே போய்விடும். விசில்! அதனால் முதலில் இடைவெளி, பிறகு கை.

வளையம் 3.05 மீற்றர் உயரத்தில்; பின்பலகை கிடையாது. முழங்காலை மடித்து, பந்தை விரல்நுனியால் உயர வளைத்து விடுங்கள். தட்டையாக எறிந்தால் விளிம்பில் பட்டுத் தெறிக்கும். இலங்கையின் நெடிய வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் போன்ற உயரம் எல்லாருக்கும் வாய்க்காதே!